முன்லோடர் டிராக்டரைச் சென்னைச் சாலையில் ஓட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடகிழக்குப் பருவமழைக்கு முன் மழைநீர்க் கால்வாய்களைத் தூர்வாரும் மாதங்களில், சென்னையில் எந்தச் சாலைக்குப் போனாலும் முன்பக்கம் லோடர் மாட்டிய டிராக்டர் ஒன்று எதிரே வரும். மற்ற மாதங்களில் மெட்ரோ வேலை நடக்கும் சாலைகளிலும், மாதவரம், பூந்தமல்லி, வண்டலூர் பக்கத்து மனைப்பிரிவுகளிலும் அதைப் பார்க்கலாம். சைட்டுக்குள் எப்படி வேலை செய்ய வேண்டும் என்று சொல்லித் தர ஆள் இருக்கிறார்கள். ஒரு சைட்டில் இருந்து இன்னொரு சைட்டுக்குப் போகும் அந்த நாலைந்து கிலோமீட்டரைப் பற்றித்தான் யாரும் வாய் திறப்பதில்லை. ஓட்டுநர்களும் உரிமையாளர்களும் சூப்பர்வைசர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்வோம். கீழே வரும் கணக்குகள் 45 முதல் 50 குதிரைத்திறன் கொண்ட டிராக்டரை மனத்தில் வைத்துப் போட்டவை. உங்கள் வண்டியில் டேப் பிடித்து அளந்தால் கொஞ்சம் முன்பின்னாக இருக்கும்.

பத்து வருடமாக டிராக்டர் ஓட்டுகிறேன். லோடர் மாட்டினால் மட்டும் என்ன மாறிவிடப் போகிறது?

பிரேக் மாறிவிடும். பெரும்பாலான டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரங்களுக்கு மட்டும்தான். பின்சக்கரம் எவ்வளவு அழுத்தமாகத் தரையைப் பிடிக்கிறதோ அவ்வளவுதான் பிரேக்கும் பிடிக்கும். லோடரும் பக்கெட்டும் முன் அச்சுக்கு முன்னால் தொங்குவதால், அங்கே ஏறும் ஒவ்வொரு கிலோவும் பின்சக்கரத்தைத் தூக்கப் பார்க்கிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பக்கெட்டில் 500 கிலோ ஈரச் சகதி இருக்கிறது. அது முன் அச்சில் இருந்து ஒன்றரை மீட்டர் முன்னால் இருக்கிறது. இரண்டு அச்சுகளுக்கும் இடையே 2 மீட்டர். பின்சக்கரங்களில் இருந்து 375 கிலோ குறைந்து, முன்சக்கரங்களில் 875 கிலோ கூடும். முன்னால் இருக்கும் சின்ன டயர்கள் பிதுங்குகின்றன, ஸ்டீயரிங் கனக்கிறது. பின்னால் இருக்கும் பெரிய டயர்களோ பிரேக்கை மிதித்தவுடன் இழுத்துக்கொண்டு போகின்றன. மழை பெய்த தார்ச்சாலையில் இது இன்னும் மோசம்.

பின்பக்கம் எடை கட்டுவது இதனால்தான். சக்கர எடைகள், முக்கால் அளவு தண்ணீர் நிரப்பிய பின்டயர், பின்பக்க ஹைட்ராலிக்கில் மாட்டும் எடைப்பெட்டி என்று வழிகள் உண்டு. லோடர் தயாரித்த நிறுவனத்தின் கையேட்டில் எவ்வளவு எடை என்று எழுதியிருப்பார்கள். டீசல் அதிகம் குடிக்கிறது என்று சொல்லி அந்த எடையைக் கழற்றி ஷெட்டில் போட்டுவைக்கும் உரிமையாளர்கள் இருக்கிறார்கள். மிச்சமாகும் டீசல் காசு ஒரு ஸ்கூட்டரின் பின்விளக்கை மாற்றக்கூடக் காணாது.

பிரேக்கை விட்டால் அடுத்தது நீளம். உங்கள் கண் இருக்கும் இடத்தில் இருந்து பக்கெட்டின் நுனி வரை சுமார் மூன்றரை மீட்டர். இந்த அளவு கீழே திரும்பவும் வரும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாலையில் போகும்போது பக்கெட் எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும்?

பக்கெட்டின் அடி தரையில் இருந்து ஒரு அடி, அதாவது 30 செ.மீ. அளவில் இருக்கட்டும். சாலை மேடுபள்ளமாக இருந்தால் 40 செ.மீ. பக்கெட்டைப் பின்னோக்கி மடக்கி வைத்திருக்க வேண்டும். பற்களோ விளிம்போ எதிரே வருபவரைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

இதற்கு இரண்டு பக்கமும் மறுப்பு வரும். “தாழ்வாக வைத்தால் வேகத்தடையில் இடிக்கும்” என்பது ஒன்று. சாலை அளவுகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரசின் அளவுப்படி வட்ட வடிவ வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்டது. முன்சக்கரம் அதைத் தாண்டிக் கீழே இறங்கிப் பின்சக்கரம் உச்சியில் ஏறும்போதுதான் பக்கெட் நுனி தாழும். முன் அச்சில் இருந்து நுனி ஒன்றே முக்கால் மீட்டர் முன்னால் இருந்தால், அது இறங்குவது சுமார் 9 செ.மீ. ஆக, 30 செ.மீ. இடைவெளியில் இன்னும் 20 செ.மீ. மிச்சம் இருக்கும். நம் ஊர்த் தெருக்களில் குடியிருப்போர் தாங்களே சிமென்ட் குழைத்துப் போட்ட வேகத்தடைகளுக்கு எந்த அளவும் கிடையாது. அங்கே நடைவேகத்தில் ஏறி, பக்கெட்டைச் சற்றுத் தூக்கி, தாண்டியவுடன் இறக்கிவிடுங்கள்.

“உயர்த்தி வைத்தால் யார் மேலும் படாது” என்பது அடுத்த மறுப்பு. இதுதான் ஆபத்தானது. உட்கார்ந்திருக்கும்போது உங்கள் கண் தரையில் இருந்து சுமார் 2 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பக்கெட்டின் மேல்விளிம்பு ஒரு மீட்டர் உயரத்தில் இருந்தால், உங்கள் கண்ணில் இருந்து ஐந்தரை மீட்டர் தாண்டித் தரை தெரிய ஆரம்பிக்கும். அதையே 1.6 மீட்டருக்குத் தூக்கினால், தரை தெரிய ஏறக்குறைய 14 மீட்டர் ஆகும். பக்கெட்டை ஒட்டி நிற்கும் ஸ்கூட்டர்காரரின் ஹெல்மெட் உச்சி தெரிந்தால் அதிர்ஷ்டம். சிக்னலில் உங்களுக்கு முன்னால் இருக்கும் அரை இடைவெளியில் வந்து நுழைந்து நிற்பது சென்னையில் இருசக்கர வாகனக்காரர்களின் அன்றாடப் பழக்கம் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். போதாததற்கு, பக்கெட் உயர உயர வண்டியின் எடைமையமும் ஏறுகிறது. ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் வண்டி கவிழ்வதற்கு அதுவே போதும்.

உயரத்தைச் சரியாக வைத்த பிறகு லோடர் லீவரின் லாக்கைப் போடுங்கள். முழங்கை பட்டு லீவர் அசைவது கற்பனை இல்லை.

எவ்வளவு வேகத்தில் போகலாம்?

காலி பக்கெட், நல்ல சாலை, பகல் நேரம் என்றால் 20 கி.மீ. வேகம். சைட்டுக்குள் பாரத்தோடு போனால் அதிலும் பாதி.

30-இல் போனால் என்ன என்று கேட்பீர்கள். ஆபத்தைப் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை வினாடி ஆகிறது என்றும், டிராக்டரின் பிரேக் சுமாராகப் பிடிக்கிறது என்றும் வைத்துக்கொண்டால், 20 கி.மீ. வேகத்தில் நிற்க 13 மீட்டருக்குச் சற்று மேல் வேண்டும். 30-இல் 24 மீட்டர். வேகம் ஒன்றரை மடங்குதான் கூடியது, தூரமோ கிட்டத்தட்ட இரட்டிப்பு. ஜிஎஸ்டி சாலையில் உங்களுக்கு முன்னால் 24 மீட்டர் இடத்தை யாராவது காலியாக விட்டுவைப்பார்களா?

டிராக்டருக்கு ஸ்பிரிங் கிடையாது. வேகம் ஏறும்போது டயரின் துள்ளலோடு லோடரும் சேர்ந்து மேலும் கீழும் ஆட ஆரம்பிக்கும். அந்த ஆட்டம் தொடங்கும்போதே முன்சக்கரம் தரையில் சரியாகப் பதியாமல் ஸ்டீயரிங் இலகுவாகிவிடும். அப்போது பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். ஆக்சிலேட்டரை விட்டு வேகத்தைத் தானாக இறங்க விடுங்கள்.

வலது, இடது பிரேக் பெடல்களைச் சேர்த்துப் பூட்டியே ஆக வேண்டுமா?

ஆம். சாலையில் இதற்கு விதிவிலக்கே இல்லை. வயலில் சட்டெனத் திரும்புவதற்காகத் தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். சாலையில் ஒரு பெடலை மட்டும் மிதித்தால் வண்டி அந்தப் பக்கமாகச் சுழன்றுவிடும். இணைக்கும் தாழ் உடைந்துபோய்க் கம்பி கட்டி ஓட்டும் வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தாழ் பெரிய விலை இல்லை, மாற்றிவிடுங்கள்.

சந்தில் இருந்து பெரிய சாலைக்கு வெளியே வரும்போது எப்படிப் பார்ப்பது?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு; எல்லாரும் கேட்டிருக்க வேண்டியது. காரில் வருபவர் பானெட்டைச் சற்று நீட்டி எட்டிப் பார்ப்பார். உங்களால் முடியாது. சந்தின் இருபுறமும் மதில் சுவர் சாலை விளிம்பு வரை வந்திருந்தால், உங்கள் கண் அந்த விளிம்புக்கு வரும்போது பக்கெட்டின் நுனி சாலைக்குள் மூன்றரை மீட்டர் போயிருக்கும். நம் நெடுஞ்சாலைகளில் ஒரு லேனின் அகலம் 3.5 மீட்டர். அதாவது நீங்கள் வலது பக்கம் பார்க்கும் முன்பே ஒரு லேன் முழுவதையும் இரும்பால் அடைத்திருப்பீர்கள். அந்த லேனில் வருபவருக்கோ டிராக்டர் தெரியாது. சுவரின் ஓரத்தில் இருந்து முழங்கால் உயரத்தில் மெலிதாக ஓர் இரும்புத் தகடு நீள்வதுதான் தெரியும். இரவில் அதுவும் தெரியாது.

உதவியாளர் இறங்கிப் போய்ச் சாலையில் நின்று வழி காட்ட வேண்டும். வேறு வழி கிடையாது. அவர் நிற்கும் இடம் பக்கெட்டுக்கு நேர் முன்னால் இருக்கக் கூடாது. உங்கள் கண்ணுக்குத் தெரியும்படி பக்கவாட்டில், ஒளி திருப்பும் பட்டை வைத்த மேல்சட்டையோடு நிற்க வேண்டும். “வா வா” என்று வாயால் சொல்வது இன்ஜின் சத்தத்தில் கேட்காது. கை சைகைகளை இருவரும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அவர் பார்வையில் இருந்து மறைந்தால் வண்டி நிற்க வேண்டும் என்பதையும் சேர்த்து.

உதவியாளர் இல்லாமல் தனியாகப் போகும் நாட்களில், அத்தகைய சந்துகள் இல்லாத வழியைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு கிலோமீட்டர் சுற்றினாலும் பரவாயில்லை.

திருப்பங்களில் எதைக் கவனிக்க வேண்டும்?

லோடர் பக்கெட் பெரும்பாலும் முன்சக்கரங்களைவிட அகலமானது. இடது பக்கம் திரும்பினால், சக்கரம் முனைக்கு வரும் முன்பே பக்கெட்டின் இடது மூலை நடைபாதைக்கு மேல் போய்விடும். அங்கே பஸ்ஸுக்கு நிற்பவர், பூ விற்பவர், டீ கிளாஸோடு நிற்பவர் என்று யாராவது இருப்பார்கள். இடதுபுறம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வலது மூலை பெரிய வட்டம் அடித்து, நுழையும் தெருவின் வாயிலில் காத்திருக்கும் ஆட்டோவை உரசும். பின்னால் கலப்பையோ எடைப்பெட்டியோ மாட்டியிருந்தால் அது எதிர்ப்பக்கமாக வெளியே வீசும்.

யு-டர்ன் இன்னொரு தலைவலி. லோடர் மாட்டிய டிராக்டர் ஐந்து மீட்டருக்கும் மேல் நீளம். ஓஎம்ஆரில் நடுத்தடுப்பின் இடைவெளியில் குறுக்காக நின்று எதிர்ப்பக்கம் வண்டி குறையக் காத்திருந்தால், முன்னால் பக்கெட் ஒரு லேனிலும் பின்சக்கரம் மறு லேனிலும் நீட்டிக்கொண்டிருக்கும். ஒரே மூச்சில் திரும்ப முடியாத இடத்தில் திரும்பாதீர்கள். சிக்னல் உள்ள சந்திப்பு வரை போய்த் திரும்புங்கள்.

கொஞ்ச தூரம்தானே, ஓரமாக எதிர்த்திசையில் போய்விடலாமா?

கூடாது. எதிர்த்திசையில் ஓட்டுவதை 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவு ஆபத்தான ஓட்டுதல் என்றே சொல்கிறது. சட்டத்தை விடுங்கள், சர்வீஸ் சாலையில் இருந்து இறங்கும் பைக்காரர் வலது பக்கம் மட்டும்தான் பார்ப்பார்.

பக்கெட்டில் மண்ணோ சகதியோ எடுத்துக்கொண்டு போகலாமா?

சைட்டுக்குள் எடுங்கள். சாலையில் கூடாது, அதற்குத்தான் டிப்பரும் டிரெய்லரும் இருக்கின்றன. முதல் கேள்வியில் போட்ட பிரேக் கணக்கு ஒரு காரணம். அதற்குச் சமமான இன்னொரு காரணம், சிந்துவது. கால்வாய்ச் சகதி வழவழவென்று இருக்கும். வளைவில் இரண்டு கை அளவு விழுந்தால் போதும், பின்னால் வரும் இருசக்கர வாகனம் சரியும். நீங்கள் அடுத்த தெருவுக்குப் போயிருப்பீர்கள், தெரியவே தெரியாது. தூர்வாரிய இடத்தில் இருந்து வெளியே வரும்போது டயர் பட்டைகளில் ஒட்டிய சேற்றையும் கம்பியால் சுரண்டிவிட்டுச் சாலை ஏறுங்கள்.

மண்வெட்டி, கடப்பாரை, டீசல் கேன் போன்றவற்றைப் பக்கெட்டில் போட்டுக்கொண்டு போவதும் அவ்வளவு நல்லதல்ல. வேகத்தடையில் துள்ளி விழுந்தால் உங்கள் முன்சக்கரத்துக்கு அடியிலேயே விழும்.

ஆட்களை ஏற்றலாமா? மட்கார்டில் ஒருவர்தானே?

டிராக்டரில் ஓட்டுநருக்கு மட்டும்தான் இருக்கை. மட்கார்டில் உட்கார்ந்தவர் பள்ளத்தில் குலுங்கி விழுந்தால், விழும் இடம் பின்சக்கரத்தின் பாதை. வண்டியின் உடற்பகுதிக்கு வெளியே ஆட்களை ஏற்றிச் செல்வதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 123-ஆம் பிரிவு தடுக்கிறது. விபத்து நடந்தால், இருக்கையே இல்லாத இடத்தில் உட்கார்ந்தவருக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று காப்பீட்டு நிறுவனம் வாதாடும்.

பக்கெட்டில் ஆள் ஏற்றுவது இதைவிட மோசம். ஒரு ஹோஸ் வெடித்தால் பக்கெட் கீழே விழும், ஆள் முன்னால் விழுவார், வண்டி அவர் மேல் ஏறும். 2015-இலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வெள்ளம் சூழ்ந்தபோது, கிடைத்த வண்டியில் எல்லாம் மக்களை மீட்டார்கள்; உயிர் போகிற நேரத்தில் யாரும் சட்டம் பேச மாட்டார்கள். அப்போதும் பக்கெட்டைவிடப் பின்னால் மாட்டிய, பக்கப்பலகை உள்ள டிரெய்லர் மேல். வெள்ளம் வடிந்த மறுநாளும் தொழிலாளர்களைப் பக்கெட்டில் உட்கார வைத்துக் கூட்டிப் போவதுதான் சகிக்கவில்லை.

மேம்பாலத்தில் ஏறலாமா? சுரங்கப்பாதை?

சில மேம்பாலங்களில் மெதுவாகச் செல்லும் வண்டிகளுக்குத் தடை உண்டு. நுழைவில் இருக்கும் பலகையைப் பாருங்கள். அனுமதி இருந்தாலும், கத்திப்பாரா போன்ற இடத்தில் 20 கி.மீ. வேகத்தில் வளைந்து ஏறுவதைவிடக் கீழ்ச்சாலையில் போவது நல்லது. இறக்கத்தில் நியூட்ரலில் விடுவது டீசல் மிச்சம் பிடிப்பவர்களின் பழைய வியாதி. ஏறும் முன்பே குறைந்த கியருக்கு மாற்றி, இறங்கி முடியும் வரை கிளட்சை மிதிக்காதீர்கள். இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டி என்றால் இறக்கத்தில் அதைப் போட்டுக்கொண்டால் முன்சக்கரங்களும் பிரேக்குக்குத் துணை நிற்கும்.

ரயில்வே சுரங்கப்பாதைகளில் உயரத்தடைக் கம்பம் இருக்கும். லோடர் தாழ்ந்திருந்தாலும் கூரையும், வண்டி கவிழ்ந்தால் உங்களைக் காக்க இருக்கைக்கு மேலே நிற்கும் பாதுகாப்பு வளைவும் எவ்வளவு உயரம் என்று தெரிந்து வைத்திருங்கள். மழையில் கணேசபுரம், துரைசாமி சுரங்கப்பாதைகள் போல நீர் தேங்கும் இடங்களில், டிராக்டர்தானே போய்விடும் என்று இறங்காதீர்கள். வண்டி போகலாம், தண்ணீருக்கு அடியில் திறந்து கிடக்கும் மூடியைப் பார்க்க முடியாது. நீங்கள் போவதைப் பார்த்துப் பின்னால் ஒரு காரும் இறங்கும்.

இரவில் ஓட்டலாமா?

மாநகர வேலைகள் பலவும் இரவில்தான் நடக்கின்றன, ஓட்டாதே என்றால் யாரும் கேட்கப் போவதில்லை. கனரக வாகனங்களுக்குப் பகலில் நேரக் கட்டுப்பாடு இருப்பதும் வேலையை இரவுக்குத் தள்ளுகிறது. ஆகவே விளக்குகளைச் சரிசெய்யுங்கள்.

லோடரின் கைகளும் பக்கெட்டும் டிராக்டரின் முகப்பு விளக்கை மறைக்கும். சுவருக்கு எதிரே பத்து மீட்டர் தள்ளி நிறுத்தி, பக்கெட்டைப் பயண உயரத்தில் வைத்து, விளக்கைப் போட்டுப் பாருங்கள். சுவரில் வெளிச்சம் விழ வேண்டிய இடத்தில் பக்கெட்டின் நிழல் விழுந்தால், பாதுகாப்பு வளைவில் உயரமாக இரண்டு விளக்குகள் மாட்ட வேண்டும். எதிரே வருபவர் கண்ணைக் கூசாமல் அவற்றைக் கீழ்நோக்கிச் சாய்த்து வையுங்கள்.

பக்கெட்டின் இரு மூலைகளுக்கும் ஒளி திருப்பும் பட்டை ஒட்டுங்கள். அது சகதியில் உரசி ஒரு வாரத்தில் கிழிந்துவிடும் என்பார்கள். கிழியத்தான் செய்யும், மறுபடி ஒட்டுங்கள். மேலே சுழலும் மஞ்சள் விளக்கு ஒன்று இருந்தால், பின்னால் வருபவருக்கு இது மெதுவாகப் போகும் வண்டி என்று தூரத்திலேயே புரியும்.

பின்பக்கம் வேலைக்காக மாட்டிய வெள்ளை விளக்கைச் சாலையில் அணைத்துவிடுங்கள். இருட்டில் வெள்ளை விளக்கைப் பார்ப்பவர் எதிரே வண்டி வருகிறது என்று நினைத்து ஒதுங்குவார். அல்லது கண் கூசி, அதற்குக் கீழே இருக்கும் சிவப்பு விளக்கைப் பார்க்காமல் விட்டுவிடுவார்.

ஆயுத பூஜைக்குக் கட்டிய வாழைக்கன்றை ஒரு வாரம் கழித்தும் அவிழ்க்காமல் ஓட்டும் வண்டிகள் உண்டு. பக்தியில் குறை சொல்லவில்லை. காய்ந்த இலை இண்டிகேட்டரை மூடிக்கொண்டு இருக்கிறது.

பின்னால் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வருகிறது. கையைக் காட்டி முந்தச் சொல்லலாமா?

சொல்லாதீர்கள். எதிரே என்ன வருகிறது என்பதற்கு நீங்கள் பொறுப்பேற்க முடியாது. இடம் கிடைத்தால் இடதுபுறம் முழுவதுமாக ஒதுங்கி நின்று நாலு வண்டியைப் போகவிடுங்கள். பாதி ஒதுங்கி ஓடிக்கொண்டே இருப்பதுதான் குழப்பம். அதோடு, ஓரத்தில் கால்வாய் மூடி உடைந்திருந்தால் முன்சக்கரம் உள்ளே போய்விடும்.

தெருவில் கம்பிகள் தாழ்வாகத் தொங்குகின்றன. என்ன செய்வது?

நகரின் மையப் பகுதிகளில் மின்சாரம் பெரும்பாலும் பூமிக்கு அடியில் போகிறது. புறநகரில் இன்னும் தலைக்கு மேல்தான். கேபிள் டிவி, இணையக் கம்பிகள் அவற்றோடு பின்னிக் கிடக்கும். எது எது என்று கீழே இருந்து சொல்ல முடியாது. ஆகவே எல்லாவற்றிலும் மின்சாரம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். குச்சியால் தூக்கிப் பிடித்து வண்டியை விடுவது வேண்டாம். மின்கம்பி தாழ்ந்திருந்தால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணில் புகார் செய்யலாம். ரயில் கடவுகளில் மேலே போவது 25,000 வோல்ட்; அங்கே பக்கெட்டைத் தூக்கும் பேச்சுக்கே இடமில்லை.

கம்பி பட்டுவிட்டால் இருக்கையை விட்டு இறங்காதீர்கள். முடிந்தால் பக்கெட்டை இறக்கி, வண்டியைப் பின்னால் எடுத்துத் தொடர்பை விலக்குங்கள். ஓடி வருபவர்களைப் பத்து மீட்டருக்கு அப்பாலேயே நிற்கச் சொல்லிக் கத்துங்கள். தீப்பிடித்து இறங்கியே ஆக வேண்டும் என்றால், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரண்டு கால்களையும் சேர்த்து வைத்துக் குதியுங்கள். பிறகு பாதங்களைத் தரையை விட்டு எடுக்காமல், ஒட்டி நகர்த்தியே விலகிப் போங்கள். நீட்டி அடி வைத்தால் இரண்டு பாதங்களுக்கு இடையே மின்சாரம் பாயும்.

டிராக்டரில் சீட் பெல்ட் எதற்கு?

பாதுகாப்பு வளைவு உள்ள வண்டியில் கட்டாயம் போடுங்கள். கவிழும்போது வளைவு உங்களைச் சுற்றி ஓர் இடத்தைக் காப்பாற்றி வைக்கும். அந்த இடத்துக்குள் உங்களை இருத்தி வைப்பது பெல்ட். வளைவே இல்லாத பழைய வண்டியில் பெல்ட் போடக் கூடாது. அப்படிப்பட்ட வண்டியில் லோடர் மாட்டுவதே தவறு என்பது என் கருத்து.

லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ் விஷயத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

மோட்டார் வாகனச் சட்டம், 1988 தரும் விளக்கப்படி, 7,500 கிலோவுக்கு மேற்படாத வெற்று எடை கொண்ட டிராக்டர் இலகுரக மோட்டார் வாகனத்தில் அடங்கும். 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனங்களையும் இலகுரக உரிமத்தோடு ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் சொன்னது. உரிமம் இல்லாதவரிடம் சாவியைக் கொடுத்தால் 180-ஆம் பிரிவின்படி உரிமையாளர் மேலும் வழக்கு வரும். “இந்தத் தெருமுனை வரைக்கும் எடுத்து விடு” என்று உதவியாளரிடம் சொல்லும் சூப்பர்வைசர்கள் இதை நினைவில் வைத்திருக்கட்டும்.

மூன்றாம் நபர் காப்பீடு 146-ஆம் பிரிவின்படி கட்டாயம். பாலிசியில் விவசாயப் பயன்பாடு என்று எழுதிவிட்டு ஒப்பந்த வேலைக்கு ஓட்டினால், இழப்பீடு கேட்கும் நாளில் அந்த ஒரு வரியைத்தான் முதலில் எடுத்து வைப்பார்கள். லோடர் பிறகு மாட்டியது என்றால், அதை ஆர்.சி.யில் பதிய வேண்டுமா என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும், பாலிசியில் சேர்க்க வேண்டுமா என்று காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்தில் கேட்டு, பதிலைக் கோப்பில் வையுங்கள்.

கிளம்பும் முன் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்?

ஒரு டீ குடிக்கும் நேரம். முன்டயர் காற்று, முன்சக்கர நட்டுகள், ஸ்டீயரிங் ஆட்டம், லோடர் பின்களும் அவற்றின் பூட்டுக் கிளிப்புகளும், ஹோஸ்களில் எண்ணெய்க் கசிவு. கசிவைத் தேட விரலை வைக்காதீர்கள். அட்டையைப் பிடித்துப் பாருங்கள். அழுத்தத்தில் பீச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும், அது அறுவைசிகிச்சை வரை கொண்டுபோகும். கடைசியாக, யார்டுக்குள்ளேயே பத்தடி ஓட்டிப் பிரேக்கை மிதித்துப் பாருங்கள்.

வழியில் பழுதாகி நின்றுவிட்டால்?

பக்கெட்டைத் தரையில் இறக்குங்கள், பார்க்கிங் பிரேக்கைப் போடுங்கள், சாவியை எடுங்கள். நான்கு பக்க விளக்கு எரியட்டும். சிவப்பு முக்கோணப் பலகையை நன்றாகப் பின்னால் தள்ளி வையுங்கள். இரண்டு கருங்கல்லையும் ஒரு வேப்பங்கிளையையும் வைப்பது நம் வழக்கம். வண்டியை எடுத்துப் போகும்போது கல்லைச் சாலையிலேயே விட்டுவிடுவதும் நம் வழக்கம். ஹைட்ராலிக் போய்ப் பக்கெட் மேலேயே நின்றுவிட்டால், தாங்குகட்டை போடாமல் யாரும் அதன் கீழே போகக் கூடாது, மெக்கானிக் உட்பட.

விபத்து நடந்துவிட்டால்?

கூட்டத்துக்குப் பயந்து ஓடிவிடுவதுதான் பலருக்கும் முதலில் தோன்றும். அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வதும், காவல்துறைக்குத் தெரிவிப்பதும் 134-ஆம் பிரிவின்படி ஓட்டுநரின் கடமை. 108-ஐ அழையுங்கள். பக்கெட்டுக்கு அடியில் யாராவது சிக்கியிருந்தால், அவசரப்பட்டு வண்டியைப் பின்னால் இழுக்காதீர்கள். ஒருவரைக் குனிந்து பார்க்கச் சொல்லி, எந்தப் பக்கம் அசைத்தால் விடுபடும் என்று தெரிந்த பிறகு மெதுவாக இயக்குங்கள். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், சேர்க்கப்பட்டுள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கும். பணம் யார் கட்டுவது என்று சாலையில் நின்று பேசி நேரம் கடத்த வேண்டாம்.

எவ்வளவு தூரம் என்றால் லாரியில் ஏற்றி அனுப்பலாம்?

விதி எதுவும் இல்லை. பத்துப் பதினைந்து கிலோமீட்டரைத் தாண்டினால் ஏற்றி அனுப்புவதே எனக்குச் சரியாகப் படுகிறது. மீஞ்சூரில் இருந்து வண்டலூருக்கு வெளிவட்டச் சாலையில் ஓட்டிக்கொண்டு போனால், 20 கி.மீ. வேகத்தில் மூன்று மணி நேரத்துக்கு மேல். பக்கத்தில் போகிறவை எல்லாம் நாலு மடங்கு வேகத்தில் போகும், உங்கள் டயரும் வீணாகும். லாரி வாடகையோடு டயர் தேய்மானத்தையும் ஓட்டுநரின் அரை நாள் கூலியையும் வைத்துப் பார்த்தால், உரிமையாளர்கள் நினைக்கும் அளவுக்கு வித்தியாசம் இருக்காது.

ஏற்றும்போது தாழ்தளம் உள்ள லாரியாகப் பாருங்கள். பலகை நனைந்திருந்தால் துடைத்துவிட்டு ஏற்றுங்கள். ஏற்றியவுடன் பக்கெட்டைத் தளத்தில் பதியும்படி இறக்கி, நான்கு மூலையிலும் சங்கிலி போட்டு இறுக்குங்கள். கூரையின் உச்சி வரை டேப்பால் அளந்து அந்த உயரத்தை லாரி ஓட்டுநரிடம் எண்ணாகச் சொல்லுங்கள். “போகும் போகும்” என்பது அளவு இல்லை.